சூடேற்றிக் காட்டிய ஆயில் என்ஜினை நம்பி வாங்கினோம், சித்தப்பாவின் மணிக்கட்டு உடைந்தது

பழைய ஆயில் என்ஜின் வாங்கப் போகிறவர்கள், அதிலும் ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்கிற 5 ஹெச்பி ஒற்றை சிலிண்டர் என்ஜின் தேடுகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே என்ன செய்தார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை எந்த ஊரிலும் எவரும் செய்ய முடியும்.

எங்கள் நிலம் கடைமடை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். நாங்கள் தாமதமாக நட்ட சம்பா அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது, வடிகாலில் கிடக்கும் தண்ணீரை ஒரு தடவையாவது இறைத்துக் கட்டினால்தான் கதிர் பதராகாமல் தப்பும். கரண்ட் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறோம். வாடகை என்ஜின்களையெல்லாம் மற்றவர்கள் முன்னமே பேசி வைத்துவிட்டார்கள். அந்த அவசரத்தோடு போய் நின்றேன், விற்றவருக்கும் அது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

காலை பத்தரைக்கு வரச் சொன்னார். போகும்போது என்ஜின் டிராலியில் தயாராக நின்றது, புதுப் பச்சை பெயிண்ட், டிகம்ப்ரஷன் லிவர் (சுற்றும்போது உள்ளே நசுங்கும் காற்றை வெளியே விட்டு ஹேண்டிலை லேசாக்கும் பிடி) மட்டும் சிவப்பில் பளபளவென்று. ஹேண்டிலை மாட்டி, லிவரைத் தொடாமலேயே இரண்டு சுற்று சுற்றினார், பிடித்துக்கொண்டது. "லிவரைத் தூக்காமலேயா?" என்று கேட்டேன். "நம்ம என்ஜினுக்கு அதெல்லாம் வேணாம்ணே, அவ்வளவு ஸ்மூத்து" என்றார். அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். நிறுத்திய பிறகு ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல்மூடியில், கை வைத்தேன், சுரீரென்றது. ஓடியது ரெண்டே நிமிஷம்! கேட்டதற்கு, காலையிலிருந்து வெயிலில் நிற்கிறது என்றார். தை மாத வெயிலில் பத்தரை மணிக்கு இரும்பு அவ்வளவு சுடுமா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். 14,500 ரூபாய், ஜிபே செய்தேன், பில் வாங்கவில்லை.

மறுநாள் விடியற்காலை பனியில் வாய்க்கால் கரையில் வைத்து நானும் சித்தப்பாவும் மாற்றி மாற்றிச் சுற்றினோம். புகைபோக்கியில் வெள்ளைப் புகை கொஞ்சம் வருகிறதே தவிர பிடிக்கவில்லை. ஏர் கிளீனரைக் கழற்றி எரிகிற துணியைக் காட்டியும் பார்த்தோம் (பலரும் செய்வதுதான், ஆனால் பக்கத்திலேயே டீசல் கேன் இருக்கும்போது செய்யாதீர்கள்). விற்றவருக்குப் போன் போட்டால் "ஏர் லாக்கா இருக்கும்ணே" என்றார், டீசல் குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று அர்த்தம். ஏர் எடுத்தோம், டீசலைப் பீய்ச்சும் நாசிலில் டீசல் நன்றாகவே வருகிறது, டக் டக் என்று சத்தமும் கேட்கிறது. அப்போதும் பிடிக்கவில்லை.

டீசல் என்ஜினில் பிளக் கிடையாது, பொறி கிடையாது. உள்ளே வந்த காற்றை பிஸ்டன் 16-ல் ஒரு பங்காக நசுக்கும்போது அது 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகும், அந்தச் சூட்டில் பீய்ச்சிய டீசல் தானாகப் பற்றும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், காற்றும் புகையும் போய்வரும் வால்வும் தேய்ந்து காற்று கசிந்தால் அந்தச் சூடு வராது. ஆனால் ஏற்கெனவே ஓடிச் சூடான என்ஜினில் சிலிண்டர் சுவரே சூடாக இருக்கும், ஆகவே கசிகிற என்ஜினும் பிடித்துக்கொள்ளும். பத்தரைக்கு வரச் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

உள்ளூர் மெக்கானிக்கை வரவழைத்துப் பிரித்தோம். அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் இருந்தது என்ஜின் ஆயிலே இல்லை, கியர் ஆயில், தேன் மாதிரி கெட்டியாக ஒழுகியது. ரிங் வழியாக ஆயில் ஏறிப் புகைவதை மறைக்கவும் கம்ப்ரஷன் (காற்றை நசுக்கும் பலம்) இருப்பதுபோல் காட்டவும் அப்படி ஊற்றுவார்களாம். புது ரிங், வால்வு கிரைண்டிங், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் ஆயிற்று. சரி, இத்தோடு போகட்டும் என்று நினைத்தேன். உண்மையான ஆபத்து அதற்கப்புறம்தான் வந்தது.

சிவப்பு லிவரை யாரும் சோதிக்கவில்லை. நானும் இல்லை, ஹெட்டைக் கழற்றி மாட்டிய மெக்கானிக்கும் இல்லை. அந்த லிவரைத் தூக்கினால் உள்ளே அதன் தண்டின் முனை வால்வைத் தள்ளும் ராக்கரை அழுத்தி, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வை மயிரிழை திறந்து வைக்க வேண்டும். அப்போதுதான் நசுங்க வேண்டிய காற்று வெளியே போய், ஹேண்டில் லேசாகச் சுற்றும், ஃப்ளைவீல் வேகம் பிடிக்கும். நல்ல வேகம் வந்ததும் லிவரைப் போட்டால், வீலின் வேகமே பிஸ்டனை உச்சி தாண்டித் தள்ளிவிடும், என்ஜின் பிடித்துக்கொள்ளும். கையால் சுற்றி எடுக்கும் டீசல் என்ஜினுக்கு இந்தச் சின்ன லிவர்தான் உயிர்.

எங்கள் என்ஜினில் அந்தத் தண்டின் முனை தேய்ந்து முழு உருண்டையாகிவிட்டிருந்தது. தூக்கினாலும் போட்டாலும் வால்வு அசையாது. என்ஜினை நிறுத்துவதற்கும் இந்த லிவரையே தூக்கித் தூக்கிப் பழகியவர்கள் கையில் இருந்தால் இப்படித்தான் ஆகும், நிறுத்த வேண்டுமானால் டீசலைத்தான் அடைக்க வேண்டும். பட்டறைக்காரர் உள்ளே கிடக்கும் தண்டை விட்டுவிட்டு வெளியே தெரிகிற லிவரை மட்டும் புதிதாக மாட்டி பெயிண்ட் அடித்திருக்கிறார். கம்ப்ரஷனே இல்லாத என்ஜினில் லிவர் வேலை செய்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, இரண்டு நிலையிலும் லேசாகத்தான் சுற்றும். புது ரிங் போட்டுக் கம்ப்ரஷன் திரும்பியதும், தடுக்க எதுவும் இல்லாமல் முழு பலமும் ஹேண்டிலுக்கு வந்துவிட்டது.

சித்தப்பாதான் சுற்றினார், அவருக்கு 62 வயது, எங்கள் தெருவில் ஹேண்டில் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. லிவரைத் தூக்கிவிட்டு நான் பிடித்துக்கொண்டு நின்றேன். "கனமா இருக்கேடா தம்பி" என்றார். புது ரிங் அப்படித்தான் டைட்டாக இருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்தார், வீல் முக்கி முனகி மேலே ஏறியது. டீசல் பாய்வது பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு அல்ல, வீலின் சுற்றில் 20 டிகிரி போல மிச்சம் இருக்கும்போதே. வேகம் இருந்தால் அது பொருட்டில்லை. வேகம் இல்லாததால் வெடித்தது பிஸ்டனைப் பின்னாலேயே தள்ளிவிட்டது. என்ஜின் நேராகப் பிடித்தால் ஹேண்டில் தானாகக் கழன்று கொடுக்கும், பின்னால் உதைத்தால் கழலாது, பல்லில் மாட்டிக்கொண்டு கையோடு திரும்பும். டப் என்று ஒரே சத்தம். சித்தப்பா கத்தக்கூட இல்லை, வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டுக்கு மேலே, முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் கை வளைந்திருந்தது. கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் போடாமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துச் சுற்றுவது அவருடைய பழக்கம், அதனால் விரல் தப்பியது.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே போய் நில்லுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் ஹெட்டையும் புகைபோக்கியையும் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறும்வரை உட்காருங்கள், அதற்கு மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். டீசலை அடைத்துவிட்டு, ஹேண்டில் இல்லாமல், வீலைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். லிவர் தூக்கியிருக்கும்போது உஸ்ஸென்று காற்று போகிற சத்தத்தோடு வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். லிவரைப் போட்டதும் ஓரிடத்தில் கல் மாதிரி நின்று, அழுத்தினால் ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ள வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இருந்தால் அந்த என்ஜினை விட்டு நகர்ந்துவிடுங்கள், இரண்டிலும் லேசு என்றால் கம்ப்ரஷன் இல்லை, இரண்டிலும் கனம் என்றால் லிவர் இல்லை. டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். ஹேண்டிலின் பல்லும் அது மாட்டும் என்ஜின் தண்டின் முனையும் நசுங்காமல், கிரீஸ் தடவி, தடையின்றிக் கழன்று வருகிறதா என்பதும் முக்கியம், ஓடுகிற என்ஜினில் சிக்கிக்கொண்டு சுழலும் ஹேண்டில் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். வீட்டில் ஏற்கெனவே என்ஜின் வைத்திருப்பவர்களும் ரிங் மாற்றினால், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ராக்கர் மூடியைத் திறந்து வைத்து, லிவரைத் தூக்கும்போது வால்வு இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பட்டறைக்காரர் "வித்த பொருளுக்கு நான் பொறுப்பில்லண்ணே, நீங்க பிரிச்சுட்டீங்க" என்று சொல்லிவிட்டார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் கொடுக்கலாம். பில் இல்லாவிட்டாலும் ஜிபே விவரமும், அவர் போனில் அனுப்பிய என்ஜின் படங்களும், தேய்ந்த தண்டும் கையில் இருக்கின்றன. அந்தத் தண்டுக்கு மாற்று 350 ரூபாய்தான். மாற்றி மாட்டி, எதிர்வீட்டு அண்ணன் சுற்றிக் கொடுத்து, பாதி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினோம். மீதி பாதி பதராகிவிட்டது.