லிதுவேனியாவை அறிய ‘லிதுவானுஸ்’: பல வருட வாசிப்பில் கண்டது

லிதுவேனியாவைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் முதலில் போய் நிற்பது ‘லிதுவானுஸ்’ ஆய்விதழில்தான். ஆங்கிலக் காலாண்டிதழ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அகதிகளாக அமெரிக்கா போய்ச் சேர்ந்த லிதுவேனிய மாணவர்கள் 1954-ல் தொடங்கியது, சிகாகோவில்தான் வேரூன்றியது. பழைய இதழ்களின் கட்டுரைகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு நான் சொல்வது, முதல் இதழிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள் என்பதுதான். அச்சுத் தடையைப் பற்றிய கட்டுரைகளில் தொடங்குங்கள். ரஷ்ய ஆட்சிக்கு எதிராக எழுந்த 1863 கிளர்ச்சியை அடக்கியபின், லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழியை அச்சிடக் கூடாது, ரஷ்ய எழுத்தில்தான் அச்சிட வேண்டும் என்றது ஜார் அரசு. மக்கள் அந்தப் புத்தகங்களைத் தொடவே மறுத்தார்கள். எல்லைக்கு அப்பால், ஜெர்மானியர் ஆண்ட தில்சித் போன்ற ஊர்களில் அச்சடித்து, இரவில் முதுகில் சுமந்து கடத்தி வந்தார்கள். பிடிபட்டவர்கள் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1904-ல் தடை நீங்கும்வரை, ஏறக்குறைய 40 ஆண்டுகள் இது நடந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனத்துவிடும்.

இன்னொன்று, எந்தக் கட்டுரையை எடுத்தாலும் அது வெளிவந்த ஆண்டைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். 1990 மார்ச் 11-ல் லிதுவேனியா சோவியத் ஆட்சியிலிருந்து விடுதலையை மீண்டும் அறிவித்தது. அதற்கு முன் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்ப முடியாதவர்கள். அங்கிருந்த ஆவணங்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் ஏக்கமும் எழுத்தில் தெரியும். நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். நாடு பறிபோன ஒரு தலைமுறை என்ன நினைத்தது என்பதை அறிய அதுவே சான்று. ஆனால் வரலாற்றுத் தகவலுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. பிந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

மொழியியல் பகுதிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மொழியியலாளர் அந்தானஸ் கிளிமாஸ் எழுதியவை எனக்கு மிகவும் பிடிக்கும். மொழியியல் படிக்காதவருக்கும் புரியும்படி எழுதுவார். லிதுவேனியம் போன்ற பால்டிக் மொழிகளும் ரஷ்யம் போன்ற ஸ்லாவிய மொழிகளும் ஒரே கிளையிலிருந்து பிரிந்தவை என்பதை அவர் எளிதில் ஏற்கவில்லை. இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். இருந்தும், அவர் வாதத்தை அடுக்கும் விதத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

கவிதை, சிறுகதை மொழிபெயர்ப்புகளும் உண்டு. தரம் ஏறி இறங்கும்.

சரி, ஆய்வேட்டுக்கு இது போதுமா? போதாது. ‘பால்டிக் ஆய்வுகள்’ என்ற பொருளில் பெயர் கொண்ட ‘ஜர்னல் ஆஃப் பால்டிக் ஸ்டடீஸ்’ அதற்கு ஏற்றது. எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றையும் சேர்த்துப் பார்க்கும். சக அறிஞர்களின் மதிப்பீட்டுக்குப் பிறகே கட்டுரைகள் வெளியாகும். பெரும்பாலும் கட்டணம் உண்டு, அதனால் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அணுகல் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.