மர அட்டவணையும் கணுவின் அடையாளமும்: ஜேஎக்ஸ் ட்ரீடேபிளைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

1998இல் ஜாவா 1.2 பதிப்போடு, டெஸ்க்டாப் திரைகளை அமைக்கும் ஸ்விங் லைப்ரரி வந்தபோது, மரத்தைக் காட்ட ஜேட்ரீயும் அட்டவணையைக் காட்ட ஜேடேபிளும் அதில் இருந்தன. இரண்டும் இணைந்த மர அட்டவணை, அதாவது விரித்து மடக்கும் கிளைகளுக்கு எதிரே நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணை, மட்டும் இல்லை. இன்றுவரை ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகேயில் ஸ்விங்குக்கென்று அப்படி ஒன்று சேர்க்கப்படவும் இல்லை. ஸ்விங் குழுவினரே வெளியிட்ட ஓர் எடுத்துக்காட்டு நிரலை அடியொற்றி வளர்ந்து அந்த இடத்தை நிரப்பியது, ஸ்விங்எக்ஸ் லைப்ரரியில் உள்ள ஜேஎக்ஸ் ட்ரீடேபிள். இயந்திரங்களின் பாகப் பட்டியலையும் அடக்க விலையையும் கையாளும் ஒரு டெஸ்க்டாப் மென்பொருளில் அதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்த விட்ஜெட்டின் (திரை உறுப்பின்) நிறைகுறைகள் என்று பேசப்படுபவற்றில் பெரும்பகுதி, நாம் அதற்குக் கொடுக்கும் தரவு மாதிரியில் (மாடலில்) ஒரு கணுவுக்கு, அதாவது மரத்தின் ஓர் உறுப்புக்கு, எது அடையாளம் என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறது என்பது என் முடிவு.

இணைப்பின் அடிப்படை எளிமையானது. ட்ரீடேபிள்மாடல் என்னும் இடைமுகம், ஜேட்ரீ பயன்படுத்தும் ட்ரீமாடலின் நீட்சியாகும். குழந்தைகள் எத்தனை, இத்தனையாவது குழந்தை எது, இது இலையா என்ற வழக்கமான கேள்விகளோடு, நெடுவரிசைகள் எத்தனை, அவற்றின் தலைப்பும் தரவு வகையும் என்ன, இந்தக் கணுவுக்கு இந்த நெடுவரிசையில் என்ன மதிப்பு, அதைத் திருத்தலாமா என்ற கேள்விகளும் சேர்கின்றன. மரத்தின் கிளைகளை எந்த நெடுவரிசையில் வரைய வேண்டும் என்பதையும் மாதிரிதான் சொல்கிறது. மதிப்பைக் கேட்கும்போது வரிசை எண்ணைத் தராமல் கணுவையே தருவதுதான் இந்த வடிவமைப்பின் பெரிய பலம். எந்தக் கிளை விரிந்திருக்கிறது, எது மடங்கியிருக்கிறது என்பதைப் பற்றி மாதிரி கவலைப்படவே வேண்டியதில்லை. நம்மிடம் ஏற்கெனவே உள்ள வகுப்புகளையே கணுக்களாகக் கொடுத்துவிடலாம். வேறொரு பொதுவான கணு வகுப்புக்குள் அவற்றைப் பொதிய வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் எந்த வகுப்பைக் கணுவாகக் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். பாகப் பட்டியல் பார்வைக்கு மரம்போல் இருந்தாலும் உண்மையில் மரம் அன்று. ஒரே அளவுள்ள போல்ட் பல துணைத் தொகுப்புகளில் வரும். ஒரு துணைத் தொகுப்பே பல இயந்திரங்களில் வரும். பாகத்தையே கணுவாகக் கொடுத்தால், வெவ்வேறு பெற்றோரின்கீழ் அது தோன்றுவதை ஸ்விங் தாங்கிக்கொள்ளும். வேரிலிருந்து அந்தக் கணு வரையிலான முழுப் பாதையை, அதாவது ட்ரீபாத்தை, வைத்தே அது கணுக்களை வேறுபடுத்துகிறது. ஒரே பெற்றோரின்கீழ் அதே பாகம் இருமுறை வந்தாலோ நிலைமை மாறிவிடும். ஒரு குழந்தையின் இடம் எது என்று கேட்டால் மாதிரியிடம் ஒரே விடை இருக்காது. தேர்வும் விரிவும் தவறான வரிசைக்குப் போகும். எனவே கணுவாக இருக்க வேண்டியது பாகம் அன்று. இன்ன தொகுப்பில், இன்ன இடத்தில், இத்தனை எண்ணிக்கையில் இந்தப் பாகம் பயன்படுகிறது என்று சொல்லும் பட்டியல் வரி. அலகு விலை பாகத்தின் பண்பு. எண்ணிக்கை அந்த வரியின் பண்பு. இந்தப் பிரிவு தரவுத்தளத்தில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதை அப்படியே திரைக்கும் கொண்டுவந்தால் போதும்.

அடுத்தது சமத்துவம், அதாவது இரண்டு கணுக்கள் ஒன்றா என்று நிரல் முடிவுசெய்யும் விதம். எந்தக் கிளைகள் விரிந்திருக்கின்றன என்பதை ஜேட்ரீ, ட்ரீபாத்தைத் திறவுகோலாகக் கொண்ட ஒரு ஹேஷ் அட்டவணையில் வைத்திருக்கிறது. ட்ரீபாத்தின் ஹேஷ்கோட் (அந்த அட்டவணையில் தேட உதவும் எண்) என்பது அந்தப் பாதையின் கடைசிக் கணுவின் ஹேஷ்கோட்தான். கணு வகுப்பில் பெயர், எண்ணிக்கை போன்ற மாறக்கூடிய புலங்களைக் கொண்டு, சமத்துவத்தைத் தீர்மானிக்கும் ஈக்வல்ஸும் ஹேஷ்கோடும் எழுதப்பட்டிருந்தால், பயனர் அட்டவணையின் ஒரு கட்டத்தில் எண்ணிக்கையைத் திருத்திய மறுகணமே பழைய திறவுகோல் பயனற்றுப் போகிறது. விரிந்திருந்த கிளை காரணமின்றி மடங்குவதும், அடுத்த அறிவிப்பைத் தொடர்ந்து திரையில் ஒரு கிளை உறைந்து நிற்பதும் இதனால் நேரக்கூடியவை. பிழையைத் தேடுகிறவர்கள் விட்ஜெட்டின் நிரலையே தோண்டிக்கொண்டிருப்பார்கள். காரணமோ, நிரல் எழுத உதவும் மென்பொருளான ஐடிஇ தானாக எழுதிக்கொடுத்த இரண்டு மெத்தட்களில் ஒளிந்திருக்கும். மாறாத ஓர் அடையாள எண்ணை மட்டும் வைத்து அவற்றை எழுதலாம். அல்லது இரண்டையும் எழுதாமலே விட்டு, பொருளின் இயல்பான அடையாளத்தையே பயன்படுத்தலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தால், தரவுத்தளத்திலிருந்து மீண்டும் ஏற்றும்போது புதிய பொருள்களை உருவாக்காமல் பழையவற்றையே புதுப்பிக்க வேண்டும்.

மாதிரி தன் மாற்றங்களைத் திரைக்குச் சொல்லும் அறிவிப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்விங்எக்ஸில் உள்ள ட்ரீமாடல்சப்போர்ட் என்னும் துணை வகுப்பு, குழந்தை சேர்ந்தது, நீங்கியது, மதிப்பு மாறியது, அமைப்பே மாறியது எனத் தனித்தனி அறிவிப்புகளைத் தருகிறது. எந்த மாற்றம் நடந்தாலும் அமைப்பே மாறியது என்று வேரிலிருந்து அறிவித்துவிடுவது எளிது. திரையும் சரியாகவே புதுப்பிக்கப்படும். ஆனால் அந்த அறிவிப்பு வந்ததும் ஜேட்ரீ அதன்கீழுள்ள எல்லாக் கிளைகளின் விரிவு நிலையையும் மறந்துவிடும். ஆறு நிலை ஆழத்தில் ஒரு திருகின் விலையைத் திருத்தியவர், மீண்டும் ஆறு முறை விரித்துத்தான் அதே இடத்துக்கு வர முடியும். பயனரின் பொறுமையை இவ்வளவு விரைவாகக் கரைக்கும் குறை வேறொன்று இல்லை என்றே நினைக்கிறேன். அடக்க விலையில் ஒரு வரியின் மாற்றம் அதன் முன்னோர் அனைவரின் மொத்தத்தையும் மாற்றும். ஆகவே அந்த வரிக்கும், வேர் வரையிலுள்ள ஒவ்வொரு முன்னோருக்கும், மதிப்பு மாறியது என்ற சிறிய அறிவிப்பைத் தனித்தனியே கொடுப்பதுதான் சரி. ஒரு பாகத்தின் அலகு விலை மாறினால், அந்தப் பாகம் வரும் எல்லா வரிகளுக்கும் இதைச் செய்ய வேண்டும். பாகத்திலிருந்து வரிகளைக் கண்டுபிடிக்கும் ஒரு தலைகீழ் அட்டவணை மாதிரிக்குள்ளேயே இருந்தால் இது சுமையாகாது. நீக்கத்தை அறிவிக்கும்போது, நீங்குவதற்கு முன்பு அந்தக் குழந்தை எந்த இடத்தில் இருந்ததோ அந்த எண்ணையே தர வேண்டும். அறிவிப்புகள் எல்லாம் மாற்றம் முடிந்தபின், திரை வேலைகள் நடக்கும் ஸ்விங்கின் நிகழ்வு த்ரெட்டிலேயே வெளிவர வேண்டும்.

இங்கே விட்ஜெட்டின் உள்ளமைப்பைச் சேர்ந்த ஒரு நுட்பமும் உண்டு. ஜேஎக்ஸ் ட்ரீடேபிளுக்குள், மர நெடுவரிசையை வரைவதற்கென ஒரு ஜேட்ரீ ரெண்டரராக ஒளிந்திருக்கிறது; மரத்தின் அறிவிப்புகளை அட்டவணையின் அறிவிப்புகளாக மாற்ற ஓர் அடாப்டரும் இருக்கிறது. மரம் முதலில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்பதற்காக, அடாப்டர் அட்டவணைக்கான அறிவிப்பை இன்வோக்லேட்டர் வழியாகச் சற்றுத் தள்ளிப்போடுகிறது. ஆகவே புதிய வரியைச் சேர்த்த கையோடு அதைத் தேர்ந்தெடுக்கவோ அந்த இடத்துக்கு உருட்டவோ வேண்டுமானால், அந்த வேலையையும் இன்வோக்லேட்டரில் போடுவது நல்லது.

நெடுவரிசைத் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தும் வசதி இதில் இல்லை. ஜாவா 6 கொண்டுவந்த ரோசார்ட்டர் தட்டையான பட்டியலுக்கானது; படிநிலைத் தரவுக்கு அது பொருந்தாது என்பதால், வரிசைப்படுத்தும் மெத்தட்கள் இங்கே வேண்டுமென்றே ஒன்றும் செய்யாதவையாக விடப்பட்டுள்ளன. ஆகவே வரிசைப்படுத்தல் மாதிரியின் பொறுப்பாகிறது. மூலப் பட்டியலைத் தொடாமல், ஒவ்வொரு பெற்றோருக்கும் குழந்தைகளின் காட்சி வரிசை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். விரிந்த பாதைகளை முதலில் சேகரித்து, அமைப்பு மாறியது என்று அறிவித்து, பிறகு அதே பாதைகளை மீண்டும் விரித்தால் பயனருக்கு எதுவும் இழந்ததாகத் தெரியாது. இதற்கும் மேலே சொன்ன நிலையான அடையாளமே அடிப்படை.

குழந்தைகளைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவதற்கு இன்னொரு விதி உண்டு: ஒரு கணு இலையா என்ற கேள்விக்கு, குழந்தைகளை ஏற்றாமலே விடை சொல்ல முடிய வேண்டும். பெற்றோரைக் கொண்டுவரும் வினவலிலேயே குழந்தைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். விரியப்போகும் தருணத்தைத் தனி லிஸனரில் (அறிவிப்புகளைக் கேட்கும் நிரலில்) பிடித்து, ஸ்விங்வொர்க்கர் மூலம் பின்னணியில் ஏற்றலாம். வேரை மறைத்து வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மாதிரியை இணைக்கும் நேரத்தில் வேருக்குக் குழந்தைகளே இல்லையென்றால் அது விரியாத நிலையில் இருந்துவிடும், பின்னர் சேரும் குழந்தைகள் எதுவும் திரையில் தெரியாது. முதல் குழந்தை சேர்ந்ததும் வேரின் பாதையை நாமே விரித்துவிட வேண்டும்.

தோற்றத்தை மாற்றியமைப்பதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. நிபந்தனைக்கேற்ப நிறம் மாற்றும் ஹைலைட்டர்கள், ரெண்டரர் எழுத வேண்டிய தேவையைப் பெருமளவு நீக்கிவிடுகின்றன. நெடுவரிசைகளைக் காட்டவும் மறைக்கவும் உதவும் பட்டி ஒரே வரியில் வந்துவிடும். வரிசைகள் அனைத்துக்கும் ஒரே உயரம்தான் என்ற கட்டுப்பாட்டை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மாற்றுகளையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். நெட்பீன்ஸ் ஐடிஇயின் அவுட்லைன் விட்ஜெட், வழக்கமான ட்ரீமாடலை அப்படியே வைத்துக்கொண்டு, நெடுவரிசை மதிப்புகளை மட்டும் ரோமாடல் என்னும் சிறிய இடைமுகத்தில் கேட்கிறது. ஏற்கெனவே ஜேட்ரீக்கு மாதிரி எழுதி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை, வரிசைப்படுத்தலும் உண்டு. 2014இல் ஜாவா 8 உடன் வந்த ஜாவாஎஃப்எக்ஸ் என்னும் இன்னொரு திரை லைப்ரரியின் ட்ரீடேபிள்வியூ வேறு பாதையில் போகிறது. ஒவ்வொரு கணுவையும் ட்ரீஐட்டத்துக்குள் பொதிய வேண்டும். விரிவு நிலையும் அந்தப் பொதியிலேயே இருக்கும். நெடுவரிசை மதிப்பைக் கவனிக்கத்தக்க பண்பாகக் கொடுத்தால், மதிப்பு மாறியதும் திரை தானே புதுப்பிக்கப்படுவது உண்மையான நிம்மதி. ஆனால் வரிசைப்படுத்தும்போது ட்ரீஐட்டத்தின் குழந்தைப் பட்டியலே இடம் மாறுகிறது. அந்தப் பட்டியலை மூலத் தரவின் வரிசையாக நம்பக் கூடாது. புதிதாகத் தொடங்கும் மென்பொருளுக்கு நான் இதையே தேர்வேன். நிலைபெற்ற ஸ்விங் மென்பொருளை இதற்காக மட்டும் மாற்றி எழுத மாட்டேன்.

எந்த விட்ஜெட்டைத் தேர்ந்தாலும் நான் தவறாமல் எழுதும் ஒரு சோதனை உண்டு. திரையே இல்லாமல், மாதிரியின் அறிவிப்புகளை மட்டும் கேட்டு, அவற்றின்படி தனக்கென ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டே போகும் ஒரு லிஸனரை எழுதுகிறேன். பின்னர் சேர்த்தல், நீக்கல், நகர்த்தல் ஆகியவற்றைத் தற்செயல் வரிசையில் மாதிரியின்மேல் செலுத்தி, ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் அந்த நிழல் மரமும் மாதிரியும் கணுவுக்குக் கணு ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுகிறேன். ஓர் எண் தள்ளிப் போன அறிவிப்பும், மாற்றத்துக்கு முன்பே வெளியான அறிவிப்பும், பெற்றோர் மாறிய வரிக்கு நீக்கத்தை அறிவிக்காமல் விட்டதும் இதில் உடனே பிடிபடும். திரையில் அவை வாரக்கணக்கில் கழித்தே, அதுவும் வேறேதோ பிழையின் உருவில், தலைகாட்டும்.