கேம் ஏற்றித் தரும் ஐபோன்: காசு கொடுக்க முதல் செட்டிங்ஸில் யார் பெயர் என்று பாருங்கள்

கொழும்பில் பாவித்த ஐபோன் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக வீட்டுப் பிள்ளைகள் கேம் விளையாடக் கேட்கிறார்கள் என்று வாங்குகிறவர்கள், இதை ஒருக்கா வாசியுங்கள். பம்பலப்பிட்டியில் காலி வீதியோரக் கடை ஒன்றில், "கேம் எல்லாம் ஃபுல்லாக ஏற்றித் தருவோம்" என்று விற்ற போனை வாங்கினோம். போனில் குறை இல்லை. அதற்குள் இருந்த அப்பிள் கணக்கு கடைக்காரருடையது. அதனால் கேமும் போய், போனும் எங்கள் கையை விட்டுப் போகப் பார்த்தது.

தம்பி ஏ.எல். எழுதி முடித்திருந்தான். அவனுக்கு வேண்டியது ரெசிடென்ட் ஈவில் 4 என்ற திகில் கேம். கப்கொம் என்ற ஜப்பான் கேம் கம்பனி 2005இல் வெளியிட்ட கேமை 2023 மார்ச்சில் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். அதே வருடம் டிசம்பர் 20ஆம் திகதி அது ஐபோனுக்கும் வந்தது. ஆனால் எல்லா ஐபோனிலும் ஓடாது. 15 வரிசையில் ப்ரோவும் ப்ரோ மேக்ஸும் மட்டும்தான் சரிவரும், ஏனென்றால் ஏ17 ப்ரோ சிப் அந்த இரண்டில்தான் இருக்கிறது. வெறும் 15இல் ஏ16. "15இலும் நல்லா ஓடும்" என்று சொல்லி விற்கிற கடைகளும் இருக்கின்றன, கவனம். இந்த ரீமேக் ஆண்ட்ராய்டுக்கு வரவே இல்லை. அதன் பெயரில் ஏபிகே (ஆண்ட்ராய்டு போனில் ஏற்றும் ஆப் ஃபைல்) என்று யாராவது ஏற்றித் தந்தால் அது வேறு ஏதோ ஒன்று.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் 15 ப்ரோ கேட்டுப் போனோம். பட்டரி ஹெல்த் பார்த்தோம். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போன்தானா என்றும் பார்த்தோம். எல்லாம் சரி. விலை இரண்டு லட்சத்துக்கு மேல். அதோடு "கேம் பேக்" என்று இன்னொரு 8,000 ரூபா.

இந்தக் கேமை ஆப் ஸ்டோரில் இறக்குவது இலவசம். தொடக்கப் பகுதியை விளையாடிப் பார்க்கலாம், மிச்சத்தை உள்ளேயே காசு கட்டித் திறக்க வேண்டும். வெளிவந்தபோது முழு விலை 59.99 டொலர். எங்கள் காசுக்கு பதினெட்டாயிரம் அளவில் வரும். அப்படியிருக்க 8,000க்கு இதையும் இன்னும் சில கேம்களையும் எப்படித் தருகிறீர்கள் என்று நேரே கேட்டேன். "நாங்கள் மொத்தமாக லைசன்ஸ் எடுக்கிறோம் மிஸ், லைஃப்டைம்" என்றார். பில்லிலும் எழுதித் தரச் சொன்னேன், "கேம்ஸ் ஃபுல்" என்று எழுதினார். போனை அவர்களே செட் பண்ணிக் கையில் தரும்போது ஒன்று சொன்னார்கள்: "அக்கவுண்டில் மட்டும் கை வைக்க வேண்டாம், சைன் அவுட் பண்ணினால் கேம் அழிஞ்சிரும்."

கேம் அருமை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜனாதிபதியின் மகள் ஆஷ்லியைத் தேடி ஸ்பெயினில் ஒரு கிராமத்துக்கு வரும் லியோன், முதல் அரை மணித்தியாலத்திலேயே சங்கிலி வாள்காரனிடம் மாட்டிக்கொள்கிறான். குண்டு எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும். தட்டச்சு இயந்திரத்தைக் கண்டால்தான் நாமாக சேவ் பண்ணலாம். வெள்ளவத்தை வீட்டில் இரவு லைட்டை அணைத்துவிட்டு ஹெட்செட்டோடு தம்பி விளையாட, கதை பிடித்துப்போய் நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். (விரலால் திரையைத் தட்டிக் குறிபார்ப்பது பெரிய தொல்லை, கொன்ட்ரோலர் ஒன்று வேண்டும்.) மொத்தம் 16 அத்தியாயம். ஒன்பதாவதில் ஆஷ்லி தனியாக, துப்பாக்கி இல்லாமல், ஒரு விளக்கோடு நடமாடும் இரும்புக் கவசங்களுக்கு நடுவே போக வேண்டும். அந்த இடத்துக்கு வந்தபோதுதான் திரையில் பாஸ்வேர்ட் கேட்டது. முன்பின் தெரியாத ஒரு ஈமெயில் முகவரி, அதற்குக் கீழே பெட்டி. ரத்துச் செய்தால் கேம் திறந்தது, ஆனால் "முழுக் கேமையும் வாங்கவும்" என்று நின்றது.

கடைக்கு போன் எடுக்கலாம் என்று தொடர்புப் பட்டியலைத் திறந்தேன். அதில் எங்களுக்குத் தெரியாத பெயர்கள். லண்டன் மாமா, டியூஷன் சேர், கராஜ் ரவி. "அம்மா" என்று பல இலக்கங்கள், அதில் ஒன்றுதான் எங்கள் அம்மா. போட்டோக்களுக்குள் யாருடையதோ அடையாள அட்டை, ஒரு வங்கிச் சிட்டை. கேமில் வராத பயம் அப்போதுதான் வந்தது. ஒரே கணக்கைப் பல பேருடைய போனில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு ஒன்று என்றால், போட்டோவும் இலக்கங்களும் இணையத்தில் சேமிக்கப்படும் ஐகிளவுடும் ஒன்று. அவர்களுடையது எங்களுக்கு வருகிறது என்றால் எங்களுடையது எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்பிளின் விதிப்படி ஒரு கணக்கில் வாங்கியதை அந்தக் கணக்கோடு இணைந்த பத்துச் சாதனங்களில்தான் இறக்கலாம். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் பழைய ஆளைக் கழற்ற வேண்டும். எங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். லைஃப்டைம் என்றது அடுத்த வாடிக்கையாளர் வரும் வரைக்கும்தான் போல.

கடைக்குப் போனால், "அதைச் செய்த பொடியன் இப்ப இங்கே இல்லை" என்றார்கள். பிறகு ஒருவர் மேசைக்குக் கீழிருந்து சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்தார். கோடு போட்டு, ஒரு பக்கம் ஈமெயில், பக்கத்தில் பாஸ்வேர்ட், அதற்குப் பக்கத்தில் போன் மொடல், வாங்கினவரின் இலக்கம். எல்லாம் பேனையால் எழுதியது, சிலது வெட்டித் திருத்தியது. கவுண்டரில் நின்ற யாரும் எட்டிப் பார்த்து வாசிக்கலாம். "ரினியூ பண்ண 5,000 மிஸ்" என்றார். லைஃப்டைம் என்றீர்களே என்று பில்லை நீட்டினேன். அச்சில் கீழே இருந்த வரியைக் காட்டினார்: சொஃப்ட்வெயாருக்கு உத்தரவாதம் இல்லையாம்.

எனக்குக் கேம் வேண்டாம், உங்கள் கணக்கை எடுத்துவிடுங்கள் என்றேன். அதற்கும் 5,000 என்றார். ஏன் இப்படித் துணிந்து கேட்கிறார்கள் என்று விளங்க வேண்டும். தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை வசதி ஓனில் இருந்தால், போனை அந்தக் கணக்கோடு பூட்டிவைக்கும் ஆக்டிவேஷன் லொக் தானாகவே விழுந்திருக்கும். போனை முழுதாக அழித்தாலும் அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்காது. அவர் நினைத்தால் வீட்டில் இருந்தபடியே எங்கள் போனைத் தொலைந்த போன் என்று பூட்டவும் முடியும். இரண்டு லட்ச ரூபாப் போனின் சாவி அவருடைய கொப்பியில்.

நான் சத்தம் போடவில்லை. ஆனால் இடத்தை விட்டு அசையவும் இல்லை. போன் வாங்க வந்த ஒரு தாயும் மகனும் நின்றார்கள். என் போனில் இருந்த மற்ற ஆட்களின் இலக்கங்களை அவர்களுக்குத் திறந்து காட்டினேன். அதற்குப் பிறகு பாஸ்வேர்ட் உடனே அடிக்கப்பட்டது. சைன் அவுட் ஆகி, என் கண்முன்னே ஃபைண்ட் மை நீங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். கேமும் போச்சு, சேவும் போச்சு. 8,000 ரூபா திரும்பி வரவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். பில்லின் பிரதியோடு கொடுத்திருக்கிறேன். கேட்டால் பில் தர வேண்டியது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. "பில் இல்லாமல் என்றால் குறைச்சுத் தாறேன்" என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

போன் கையில் வந்ததும் செட்டிங்ஸைத் திறந்தால் மேலே ஒரு பெயர் இருக்கும். அது உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது ஒன்றும் இருக்கக் கூடாது. கடையில் வைத்தே போனை முழுதாக அழிக்கச் சொல்லுங்கள். மறுபடி ஓனாகும்போது யாருடைய பாஸ்வேர்டும் கேட்காமல் வெல்கம் திரையில் இருந்து தொடங்கினால்தான் காசு கொடுங்கள். ஆப் வாங்கும் கணக்கைக் காட்டும் "மீடியா அண்ட் பேர்ச்சஸ்" என்ற இடத்தையும் பாருங்கள், ஐகிளவுடில் உங்கள் பெயரை விட்டு அங்கே மட்டும் தங்கள் கணக்கைப் போடவும் வழி இருக்கிறது. கேமைப் பிறகு உங்கள் கணக்கிலேயே வாங்கலாம், அடிக்கடி விலை குறைப்பார்கள். தம்பி அப்படித்தான் வாங்கி, முதல் அத்தியாயத்தில் இருந்து திரும்பத் தொடங்கியிருக்கிறான்.

சைன் அவுட் பண்ண முதல் அந்த அறிமுகமில்லாத இலக்கங்களில் சிலவற்றை எழுதி வைத்திருந்தேன். ஒரு "அம்மா"வுக்கு எடுத்துக் கதைத்தேன். தெஹிவளையில் இருக்கிறாராம், மகன் அதே கடையில்தான் போன் வாங்கியிருக்கிறான், இன்னும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. அவரும் முறைப்பாடு கொடுக்கிறேன் என்றார். பம்பலப்பிட்டியில் கேமோடு போன் வாங்கினவர்கள் வேறு யாராவது இருந்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள், கடை எது என்று சொல்கிறேன்.