ரூ.38,400 வாங்கிக்கொண்டு கைவிட்ட கடல் டூர்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனத்துக்கு

கயாக் (துடுப்புப் போடும் சின்னப் படகு), ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டித் தண்ணீருக்குள் பார்ப்பது), தனுஷ்கோடி என்று போஸ்டர் போட்டு நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆள் சேர்க்கும் ஒரு டூர்காரரிடம் 38,400 ரூபாய் கொடுத்து ஏமாந்து திரும்பியிருக்கிறோம். வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பொங்கல் லீவுக்கும் அதே போஸ்டர் ஸ்டேட்டஸில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொரு குடும்பம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரையில் போய் நிற்கக் கூடாது.

பெயரை எழுதவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு மாடி அறையில் அலுவலகம், இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், வாட்ஸ்அப் குரூப், வாரக் கடைசி டூர்கள். இப்படி நிறைய பேர் இருக்கிறார்கள். நடந்ததைப் படித்தால் ஆளை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நான் தர்மபுரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. அரையாண்டு லீவில் பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. என் பையன் புத்தகத்தில் தனுஷ்கோடி புயலைப் பற்றிப் படித்ததிலிருந்து அதே பேச்சாக இருந்தான். நான், வீட்டுக்காரர், மகள், மகன், என் தங்கச்சி, அவள் வீட்டுக்காரர் என்று ஆறு பேர். தலைக்கு 6,400 ரூபாய். மொத்தம் 38,400.

அந்த அலுவலகத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்பிக்கை வந்தது அங்கேதான்.

பணத்தைப் பற்றி அவர் முதலில் பேசவே இல்லை. உட்காரச் சொல்லி, ஃபேனைப் போட்டு, டீ வரவழைத்தார். ஒரு பெரிய நோட்டை எடுத்து ஆறு பேரின் எடையையும் கேட்டு எழுதினார். "கயாக்ல யார் முன்னாடி, யார் பின்னாடின்னு எடைய வச்சுதான் உக்கார வைக்கணும் அக்கா" என்றார். நீச்சல் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். அப்புறம், "யாருக்காவது வீசிங் இருக்கா? மாஸ்க் போட்டு தண்ணிக்குள்ள முகத்த வைக்கறப்ப மூச்சு முட்டும், முன்னாடியே சொல்லிடுங்க" என்றார். என் மகளுக்கு வீசிங் உண்டு. அதை அவராகவே கேட்டதும் என் மனசு முழுக்க அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. மகள் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். "பாப்பாவுக்குத் தனி கைடு" என்றார். தங்கச்சி பயந்தாள். "லைஃப் ஜாக்கெட் போட்டா மூழ்கவே முடியாதுக்கா, ஆளுக்கு ஒண்ணு, எல்லாம் புதுசு" என்றார்.

1964 டிசம்பர் 22 இரவைப் பற்றியும் சொன்னார். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு புயல் அலையில் போனதைச் சொல்லும்போது அவர் குரலே தழுதழுத்தது. பையன் கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். இடிந்த சர்ச், ரயில்வே ஸ்டேஷன் மிச்சம் எல்லாவற்றையும் வரலாறு தெரிந்த ஆள் கூடவே வந்து காட்டுவார் என்றார். காலையில் பாக் ஜலசந்திப் பக்கம் இரண்டு மணி நேரம் கயாக். அப்புறம் பவளப்பாறைக்கு மேலே ஸ்நார்க்கலிங். மறுநாள் மன்னார் வளைகுடாத் தீவு ஒன்றுக்குப் படகு. தீவுக்கு வனத்துறை அனுமதிக் கட்டணம் தலைக்கு 400 ரூபாய், அதுவும் 6,400-க்குள் அடக்கம். முன்பணம் 10,000 கொடுத்தேன். கிளம்புவதற்கு முன் மீதி 28,400-ஐயும் ஜிபேயில் போட்டேன். ரசீதில் சீல் இருந்தது. முகவரியோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லை.

இரவு வேன் வந்தது. விடிந்த பிறகு பாம்பன் தாண்டி, வடக்குக் கரையில் ஒரு மீனவர் குப்பத்துப் பக்கம் டிரைவர் நிறுத்தினார். எங்களை அழைத்துப்போக யாரும் இல்லை. போன் போட்டால், "வந்துக்கிட்டே இருக்காங்க அக்கா." வெயில் ஏறிய பிறகு ஒரு பையன் வந்தான், இருபது வயது இருந்தால் அதிகம். மணலில் இரண்டு கயாக் கிடந்தன. ஒன்றின் அடியில் விரிசல், எம்சீல் வைத்து ஒட்டியிருந்தது. லைஃப் ஜாக்கெட் மூன்று. ஒன்றில் கொக்கியே கிடையாது, ஒன்றில் பஞ்சு பிதுங்கி வெளியே வந்துவிட்டது. மாஸ்க் இரண்டு. ரப்பர் காய்ந்து, வாயில் வைக்கும் குழாயில் யாரோ கடித்த பல் தடம்.

அவன் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி: "இதுல யாருக்கு நீச்சல் தெரியும்?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த நோட்டு? அந்தச் சிவப்பு வட்டம்? என் மகளுக்கு வீசிங் இருப்பது அவனுக்குத் தெரியாது. ஆறு பேர் வருகிறோம் என்பதே தெரியாது. "நாலு பேர்னு சொன்னாங்க" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன செய்வது, தினக்கூலிக்கு வந்த பையன்.

காற்று முகத்தில் அறைந்தது. தண்ணீர் பழுப்பாக, கலங்கிக் கிடந்தது. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். "ஏம்மா, வாடை அடிக்கிற மாசத்துல பச்சப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வடகடல்ல எறங்கப் போறீங்களா? அடியில ஒண்ணும் தெரியாது. எங்க நாட்டுப்படகே பாதி நாளு கரையில கெடக்கு" என்றார்.

அவர் சொல்லித்தான் விவரம் புரிந்தது. ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல இருக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வந்தால் வடகடல்தான் கொந்தளிக்கும். பாக் ஜலசந்தி ஆழம் குறைந்த கடல் என்பதால் அடிமண் கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும். அப்போது மாஸ்க் போட்டு எட்டிப் பார்த்தால் சேறுதான் தெரியும், பவளம் தெரியாது. இது அந்தக் கரையில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். டூர் நடத்துகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் மார்கழியில் எங்களுக்கு வடகடலை விற்றிருக்கிறார். போஸ்டரில் பாம்பன் ரயில் பாலத்துக்குக் கீழே கயாக் போவதுபோல ஒரு படம் இருக்கிறது. அங்கே நீரோட்டம் இழுக்கும், பழகாதவர்கள் துடுப்புப் போடுகிற இடமே இல்லை என்றார் அதே பெரியவர்.

என் கோபம் இதில்தான். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கடற்கரை கிடையாது. எந்தக் காற்றுக்கு எந்தக் கடல் அடங்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் நம்மிடம் வருகிறார்கள். ஆறு என்றால் நமக்குத் தெரியும். ஒகேனக்கல்லில் காவிரி பெருகினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பரிசலில் ஏற்றக் கூடாது. அங்கே ஒருத்தர் கொக்கி இல்லாத ஜாக்கெட்டைக் கொடுத்தால் நாமே சண்டை போடுவோம். கடலில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாத இடத்தில் பிடித்துவிட்டார்கள்.

கயாக் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பிள்ளைகள் முகம் வாடியதைப் பார்த்து, அந்தப் பையன் முழங்கால் தண்ணீரில் என் மகனுக்கு மாஸ்க் மாட்டினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, குழாயில் உப்புத்தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே வெளியே வந்தான். சிப்பி கிழித்துக் காலில் ரத்தம். அவ்வளவுதான் ஸ்நார்க்கலிங்.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் மோசம். பிள்ளை அழுகிறானே என்று அந்தக் கைடு பையன் பையிலிருந்து இரண்டு வெள்ளைப் பவளத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தான். "வச்சுக்கோ தம்பி, கடல் ஞாபகமா இருக்கட்டும்." நானும் நல்ல மனசு என்றே நினைத்தேன். டீக்கடையில் ஒரு அம்மா பார்த்துவிட்டு, "அத மொதல்ல கீழ வைங்க, கேஸ் ஆயிடும்" என்று பதறினார். பவளத்தை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். அதாவது புலிக்கு என்ன பாதுகாப்போ அதுவே பவளத்துக்கும். செத்துக் கரை ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் கொண்டுபோகக் கூடாது. எங்களுக்குத் தெரியாது. டூர் நடத்துகிறவர் சொல்லியிருக்க வேண்டாமா? வழியில் சோதனையில் பிடித்திருந்தால் போலீஸ், கோர்ட் என்று அலைவது நாங்கள்.

தீவுக் கதையும் அப்படியே. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. விசாரித்தால் எங்கள் பெயரில் எந்த அனுமதியும் கேட்கப்படவே இல்லை. ஆறு பேருக்கு 2,400 ரூபாய் வாங்கியது எதற்கு?

லாட்ஜில் 500 ரூபாய் மட்டும் முன்பணம் கொடுத்து வைத்திருந்தார்கள். மீதியை எங்களிடம் வாங்கினார்கள். தனுஷ்கோடியில் வரலாறு சொல்ல ஆள் வரவில்லை. இடிந்த சர்ச் முன்னால் நின்று என் வீட்டுக்காரர் போனைப் பார்த்துப் பையனுக்கு வாசித்துக் காட்டினார். திரும்பும்போது டிரைவர் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, ஓனர் ஒரு வழிக்குத்தான் டீசல் காசு குடுத்தாரு, என் படியும் நிக்குது" என்றார். அதற்கு 7,000. ஆக, 38,400 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு வழி வேன் பயணம்.

ஊர் வந்து சேர்ந்ததும் அந்த மாடி அறைக்காரருக்குப் போன் போட்டேன். முதலில் ரொம்ப வருத்தப்பட்டார். "ஓனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்றார். அன்றைக்கு வரைக்கும் இவர்தான் ஓனர் என்று நினைத்திருந்தோம். அடுத்து, "கடல் சரியில்ல அக்கா, இயற்கை, நம்ம கையிலயா இருக்கு?" அப்புறம், "வானிலை ஒத்துழைத்தால்னு பேக்கேஜ்ல போட்டிருக்கே, படிக்கலையா?" எங்களுக்கு அனுப்பிய எந்தத் தாளிலும் அந்த வரி இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. பிறகு ஒரு பெண் குரல்: "உங்க 38,400-ஐ கூர்க் டிரிப்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்." அக்கா மேடம் ஆகிவிட்டேன். கூர்க் வேண்டாம், பணம் வேண்டும் என்றேன். குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். தங்கச்சி ரிவ்யூ போட்டதும் மட்டும் உடனே கூப்பிட்டார்கள். ரிவ்யூவை எடுத்தால் 3,000 ரூபாய் தருகிறார்களாம்.

வீட்டுக்காரர் கிருஷ்ணகிரிக்கு நேரில் போனார். மாடி பூட்டியிருந்தது. கீழே இருந்த மொபைல் கடைக்காரர், "உங்கள மாதிரி நிறைய பேர் வந்து கேட்டுட்டுப் போறாங்கண்ணா" என்றாராம்.

38,400 ரூபாய். பிளவுஸ் தைத்து அதைச் சேர்க்க எத்தனை இரவு கண் விழித்திருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

என்ன செய்யலாம் என்று நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். மார்கழியில் ராமேஸ்வரம் வடகடலில் ஸ்நார்க்கலிங் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த மாதம், எந்தப் பக்கத்துக் கடல் என்று கேளுங்கள், கடலில் இறக்கிவிடுகிற ஆளிடம் நேராகப் போனில் பேசுங்கள். தனி ஆள் பெயரில் உள்ள ஜிபேக்கு முழுப் பணத்தைப் போடாதீர்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக ஆசை என்றால் ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையே ஊர் மக்களோடு சேர்ந்து நடத்துகிறது, அதை விசாரியுங்கள். பவளம், சங்கு என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பணம் போனவர்கள் 1915-க்கு அழைத்து நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஆன்லைனில் பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கிருஷ்ணகிரிக்கோ ராமநாதபுரத்துக்கோ அலைய வேண்டாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நான் தர்மபுரியில் போடப் போகிறேன். ஒரே ஆளிடம் ஏமாந்தவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் மனு கொடுக்கலாம் என்கிறார்கள். இதே மாடி அறையில் எடை சொல்லி, பணம் கட்டிவிட்டு வந்தவர்கள் இருந்தால் ரசீதையும் ஜிபே விவரத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள்.