ஹோல் வகுப்பா, ரெக்கோர்டிங்கா, ஆய்வுகூடமா?

சித்தியின் மகன் இந்த வருடம் உயர்தரத்தில் (ஏ/எல்) கணிதப் பிரிவு. வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில். போன கிழமை கோல் எடுத்து, "அண்ணா, கெமிஸ்ட்ரிக்கு வெள்ளவத்தைக்கு வகுப்புக்கு வரட்டா, இல்லாட்டி ரெக்கோர்டிங் எடுக்கட்டா?" என்று கேட்டான். நான் ஹோலில் நடக்கும் டியூஷன் வகுப்புக்கும், பதிவு செய்த பாட வீடியோவான ரெக்கோர்டிங்குக்கும் காசு கட்டியவன். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் ஹோல் வகுப்பு காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில். சனிக்கிழமை காலை, 101 பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் கடைசி வாங்குதான் கிடைக்கும். அங்கிருந்து பலகை பாதிதான் தெரியும். ரயில் போகும்போது சேர் மைக்கை இறக்கிவிட்டு நிற்பார். கேள்வி கேட்க வழியே இல்லை. இவ்வளவு குறை சொன்னாலும், பௌதிக இரசாயனம் முழுவதையும் நான் அங்கேதான் படித்தேன். சமநிலைக் கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டு சேர் ஐந்து நிமிடம் தருவார். பக்கத்தில் இருப்பவன் மூன்றாவது நிமிடத்தில் பேனையை வைத்துவிட்டு விரலை நெட்டி முறிப்பான். அந்த எரிச்சலில் ஓடியதுதான் என் கை. கணிப்பான் இல்லாமல் பெருக்கவும் சுருக்கவும் அங்கேதான் பழகியது. சோதனை மண்டபத்துக்கு உள்ளே கணிப்பானைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதைப் பலர் கடைசி மாதத்தில்தான் ஞாபகப்படுத்திக்கொள்கிறார்கள்.

ரெக்கோர்டிங் எனக்கு 2022இல் வந்தது, மின்வெட்டும் பெற்றோல் வரிசையும் சேர்ந்து வகுப்பை நிறுத்தியபோது. நிறுத்திப் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் நிறுத்தியதை மறுபடி தொடங்குவதற்குத்தான் ஆள் வேண்டும். மூன்று மணித்தியாலப் பாடம் ஒன்றை நான் நாலு நாள் பார்த்திருக்கிறேன், நடுவில் தேத்தண்ணி, சாப்பாடு, கிரிக்கெட். சேதன இரசாயனத்தில் மட்டும் ரெக்கோர்டிங் ஹோலை வென்றது. தாக்கம் படிப்படியாக எப்படி நடக்கிறது என்ற பொறிமுறையை எழுதும்போது வளைந்த அம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் முழு விஷயமும். அம்பு இலத்திரன் சோடியிலிருந்து கிளம்ப வேண்டும். கடைசி வாங்கிலிருந்து பார்த்தால் அது ஐதரசனிலிருந்து கிளம்புவது போலவே தெரியும், ஒரு தவணை முழுக்க நான் அப்படித்தான் எழுதினேன். திரையில் பத்துத் தரம் பின்னால் இழுத்துப் பார்த்துத்தான் திருந்தினேன்.

தம்பி, யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடங்கள் இலவசமாகக் கிடக்கின்றனவே என்பாய். விளக்கம் அருமை, சொல்தான் காலை வாரும். நாம் மூலம் என்று படிப்பதை அவர்கள் காரம் என்கிறார்கள். நமக்குக் காரம் என்றால் நீரில் கரையும் மூலம் மட்டும். நம் மூலகம் அவர்களுக்குத் தனிமம், நம் சேர்வை அவர்களுக்குச் சேர்மம், சேதனம் கரிமம், ஒட்சியேற்றம் ஆக்சிஜனேற்றம். விளங்குவதற்குப் பார், குறிப்பு எடுக்காதே. நான் எடுத்தேன், தவணைப் பரீட்சையில் இரண்டு சொல்லும் கலந்து வந்தது.

சரி, ஆய்வுகூடம். உயர்தர இரசாயனவியலுக்குச் செய்முறைப் பரீட்சை தனியாக இல்லை. அதனால் ஆய்வுகூடத்தை வீண் வேலை என்று நினைக்கும் கூட்டம் பெரிது. எங்கள் பாடசாலையிலும் அப்படித்தான் நடந்தது, இரண்டு வருடத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே கதவு திறந்தது. மீதியை வீடியோவில் பார்த்தோம். ஆனால் இரண்டாம் வினாத்தாளில் A பகுதியின் நாலு அமைப்புக் கட்டுரை வினாக்களையும் விடமுடியாது, நாலும் கட்டாயம். "இந்தப் படியை ஏன் செய்கிறீர்?" என்ற மாதிரிக் கேள்விகள் அங்கே வந்து நிற்கும்.

அமிலத்தின் செறிவைக் கண்டுபிடிக்கும் நியமிப்பு வீடியோவில் இரண்டு நிமிடம். எல்லாம் ஒழுங்காக நடக்கும், ஒன்றும் பிழைக்காது. பிழைக்காத இடத்தில் படிக்க என்ன இருக்கிறது? நான் முதல் தடவை, அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயான அளவியில் சோடியம் ஐதரொட்சைட்டை நிரப்பியபோது கீழ் நுனியில் சின்ன வளிக்குமிழ் ஒன்று இருந்ததைக் கவனிக்கவில்லை. அளவியின் திருகைத் திறந்ததும் குமிழ் வெளியே போய்விட்டது, அந்த இடத்தைத் திரவம் நிரப்பியது. அளவியில் மட்டம் இறங்கிவிட்டது, ஆனால் அவ்வளவு கரைசல் குடுவைக்குள் விழவில்லை. வாசிப்பு கூடிவிட்டது, அமிலத்தின் செறிவும் உள்ளதைவிடக் கூடவாக வந்தது. ஆய்வுகூட மிஸ் திட்டவில்லை. "மகன், இப்ப அமிலம் கூடினதா, உன்ர கண் குறைஞ்சதா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே இன்னொன்றும் செய்தேன், கூம்புக் குடுவையை அமிலத்தாலேயே அலசி வைத்தேன். அளவியையும், கரைசலை அளந்து எடுக்கும் குழாயியையும் அதற்குள் போகும் கரைசலால் அலச வேண்டும், குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும். குடுவையில் ஒட்டியிருக்கும் அமிலத்துளிக்குக் கணக்கு எழுத யாரும் இல்லை. புத்தகத்தில் இது ஒரு வரி, மூன்று தரம் வாசித்தும் மறந்திருந்தேன். ஒரு நாள் பிழைவிட்ட பிறகு மறக்கவில்லை.

நிறமும் அப்படித்தான். செப்புச் சல்பேற்றில் அமோனியாவைத் துளித்துளியாக விட்டால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு, கூட விட்டால் அது கரைந்து கடும் நீலம். திரையில் இரண்டும் நீலம், அவ்வளவுதான். சோதனைக் குழாயைக் கையில் பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் அவை இரண்டு வேறு நீலங்கள்.

கடைசியாக வினாக்கள். போனில் வரும் குவிஸ்களை நான் நிறையச் செய்தேன், பஸ்ஸில் நேரம் போகும். மூலக வரிசை, கற்றயன் சோதனை, சுவாலை நிறம் போன்ற மனப்பாட விஷயத்துக்கு அது போதும். அதற்கு மேல் அதை நம்பாதே. தொட்டதும் பச்சைச் சரி விழுகிறது, அதனால் ஊகித்ததும் தெரிந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. உண்மையான முதலாம் வினாத்தாள் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் 24 செக்கன். அதில் 41 தொடக்கம் 50 வரை கூற்றுச் சோடிகள், இரண்டும் உண்மையா, இரண்டாவது முதலாவதை விளக்குகிறதா என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, முதல் கூற்று: மக்னீசியத்தின் முதலாம் அயனாக்கச் சக்தி அலுமினியத்தினதைவிடக் கூட. இரண்டாவது: அலுமினியத்தின் கருவேற்றம் மக்னீசியத்தினதைவிடக் கூட. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டாவது முதலாவதை விளக்கவில்லை. அலுமினியத்திலிருந்து போவது 3p இலத்திரன், அது 3s ஐவிட இலகுவாகக் கழரும், காரணம் அங்கே இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளப் போன் குவிஸ் உதவாது. நேரம் வைத்து எழுதி, பிழைத்த ஒவ்வொன்றுக்கும் ஏன் பிழை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதும் பேப்பர் வகுப்புத்தான் உதவும். கடந்தகால வினாத்தாளைக் கடையில் வாங்கி வீட்டில் இருந்தும் செய்யலாம், அம்மா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆகவே தம்பி, பௌதிக இரசாயனத்துக்கு ஹோலுக்கு வா, முன் வாங்கில் இடம் பிடி. சேதனத்துக்கு ரெக்கோர்டிங் எடு. இரண்டுக்கும் காசு காணாது என்றால் ரெக்கோர்டிங்கை விட்டுவிட்டு, குறிப்பை என்னிடம் வாங்கு. ஆய்வுகூடத்தை மட்டும் விடாதே. திறக்கவில்லை என்றால் மிஸ்ஸிடம் போய்க் கேள், கேட்பவனுக்குத் திறப்பார்கள்.

இதை அனுப்பிய வியாழக்கிழமையே அவன் ஒரு படம் அனுப்பினான். கூம்புக் குடுவை, உள்ளே நிறம் மாறிக் காட்டும் பினோத்தலீன், பீட்ரூட் கறி போலக் கடும் இளஞ்சிவப்பு. மெல்லிய நிறம் வந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும், நாலைந்து மில்லிலீற்றர் தாண்டிப் போயிருப்பான். "அண்ணா வடிவா இருக்கு என்ன?" என்று கீழே எழுதியிருந்தான். ஊத்திவிட்டு இன்னொரு தரம் செய்யச் சொன்னேன்.