பாஸா, தனி டிக்கெட்டா? நண்பர்கள் வீடு வீடாக ஓர் ஐரோப்பிய ரயில் சுற்று

பாரிஸ், ஜெர்மனியின் ஹாம், பெர்லின், பிராக், வியன்னா, சூரிச், மறுபடி பாரிஸ். மூன்று வாரம், ஒரு முதுகுப்பை. பிராக் தவிர மற்ற ஊர்களில் எல்லாம் படுக்க நண்பர் வீடு இருந்தது. தங்கும் செலவு இல்லாததால் செலவில் பெரிய பங்கு ரயிலுக்குத்தான். அதனால் கிளம்புவதற்கு முன் பல இரவுகள் எக்செலைத் திறந்து வைத்துக்கொண்டு யூரேல் பாஸ் (ஒரே பாஸில் பல நாட்டு ரயில்களில் ஏறலாம்), தனித்தனி டிக்கெட், பேருந்து, மலிவு விமானம் என நான்கையும் மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டேன். ஒரு விஷயத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன்: நண்பர் வீட்டிலிருந்து நாம் நினைத்த நாளில் கிளம்ப விட மாட்டார்கள். கடைசியில் எது லாபம் என்பதை அதுதான் தீர்மானித்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருப்பவர்கள் வாங்குவது யூரேல். 1959இலிருந்து இருக்கிறது. உள்ளே குடியிருப்பவர்கள் வாங்குவது 1972இல் வந்த இன்டர்ரெயில். இரண்டும் அதே 33 நாடுகளில் செல்லும். எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பது கணக்கில் வராது, எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் வரும். திருச்சியிலிருந்து போய் மியூனிக்கில் மேற்படிப்புப் படிக்கும் தம்பி இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். அதில் ஒரு கொக்கி இருக்கிறது. குடியிருக்கும் நாட்டுக்குள் அந்த பாஸில் ரயில் ஏற, வெளிநாடு கிளம்ப ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்வளவுதான் அனுமதி. ஜெர்மனிக்குள்ளேயே நண்பர்களைப் பார்க்கச் சுற்றுவதற்கு அது உதவாது.

விலைக்கு வருவோம். 2025 கணக்குப்படி ஒரு மாதத்துக்குள் ஏழு பயண நாள்கள் தரும் இரண்டாம் வகுப்பு பாஸ், பெரியவர்களுக்குச் சுமார் 380 யூரோ. ஒரு நாளுக்கு 54 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 27 வயது வரை என்றால் 25 சதவீதம் தள்ளுபடி, 60 தாண்டியவர்களுக்கு 10 சதவீதம். நான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். பயண நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. அந்த ஒரு நாளில் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம். ஆக, ஒரு நாளில் 54 யூரோவுக்கு மேல் பெறுமானமுள்ள பயணம் போனால் பாஸ் லாபம், குறைந்தால் நட்டம். இவ்வளவு எளிமையாக இருந்தால் எக்செல் தேவைப்பட்டிருக்காது.

சிக்கலைக் கிளப்புவது ரிசர்வேஷன். பாஸ் கையில் இருந்தாலும் பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஆவே, யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டியே ஆக வேண்டும். பத்துப் பன்னிரண்டு யூரோவில் தொடங்கும். யூரோஸ்டாரில் முப்பதைத் தொடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யூரோஸ்டாரிலும் எல்லை தாண்டும் டிஜிவி ரயில்களிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்கள் கொஞ்சம்தான். கோடை வெள்ளிக்கிழமைகளில் அவை தீர்ந்துவிடும். அதே ரயிலில் முழு விலைக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கும், பாஸ் வைத்திருக்கும் நாம் மட்டும் ஏற முடியாது. ஹாம் போகும் வழியில், பாரிஸிலிருந்து கொலோன் போக எனக்கு நடந்தது அதுதான். அந்த ஒரு தடத்துக்குத் தனி டிக்கெட் எடுத்தேன். முதல் ரயிலிலேயே பாஸ் தோற்றது.

கொலோனைத் தாண்டியதும் நிலைமை தலைகீழ். ஜெர்மனியின் ஐசிஇ, ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட், சுவிட்சர்லாந்தின் வழக்கமான ரயில்கள், நெதர்லாந்து, பெல்ஜியத்தின் உள்நாட்டு ரயில்கள் எதிலும் ரிசர்வேஷன் கட்டாயம் இல்லை. பாஸின் செயலியில் அன்றைய பயணத்தைச் சேர்த்துவிட்டு, வரும் க்யூஆர் கோடைக் காட்டினால் போதும். சேர்க்க மறந்து ஏறிவிடாதீர்கள். பரிசோதகர் வந்தபின் சேர்ப்பதை அவர்கள் ரசிப்பதில்லை.

இதற்குப் போட்டியாக ஜெர்மனியில் இருப்பது ஷ்பார்பிரைஸ் என்ற முன்கூட்டிய மலிவு டிக்கெட். சீக்கிரம் எடுத்தால் நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இருபது, முப்பது யூரோவில் போய்விடலாம். பாஸின் ஒரு நாள் விலையில் பாதிதான். ஆனால் அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லுபடியாகும். அதிலும் மலிவான சூப்பர் ஷ்பார்பிரைஸை ரத்து செய்தால் காசு திரும்பாது. எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற நெகிழ்வு வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸ் விலை. பெர்லின்–மியூனிக் போன்ற நீண்ட தடங்களில் அது 150 யூரோவைத் தாண்டும்.

சீக்கிரம் எடுக்க வேண்டியதுதானே என்று ஐரோப்பியர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஷெங்கன் விசா வர வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பது விதி. சீசனில் நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதற்குள் கோடை நெருங்கிவிடும். எனக்கு விசா கைக்கு வந்தது கிளம்புவதற்குப் பதினாறு நாள் முன்பு. அதற்குள் மலிவு டிக்கெட்டில் நல்ல நேரங்கள் எல்லாம் போய்விட்டன. பாஸ் விலை மட்டும் முதல் நாள் பார்த்த அதே விலையில் நின்றது. பாஸின் பெரிய பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், ஐரோப்பியர்கள் போடும் ஒப்பீடுகளில் இது வருவதே இல்லை. நண்பர் வீட்டில் தங்குவதாக விண்ணப்பத்தில் எழுதினால் இன்னொரு தாமதமும் சேரும். பிரான்சில் இருப்பவர் தன் ஊர் நகராட்சியில் போய் அழைப்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு அவரும் அங்கே தேதி வாங்க வேண்டும்.

சரி, ஹாமுக்கு வருகிறேன். ஜெர்மனிக்காரர்களுக்கு அது ஒரு ரயில் சந்திப்பு. பெர்லினிலிருந்து வரும் ஐசிஇ அங்கேதான் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி டோர்ட்மண்ட் வழியாகவும் மறு பாதி வூப்பர்டால் வழியாகவும் போகும். நமக்கு ஹாம் என்றால் காமாட்சி அம்பாள் கோயில். தொழிற்பேட்டைக்கு நடுவில் கோபுரத்தோடு நிற்கிறது, 2002இல் குடமுழுக்கு நடந்தது. நண்பனின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தது. இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். மூன்றாம் நாள் காலையில் பையைக் கட்டினால் அவன் அம்மா வாசலில் நிற்கிறார். “இண்டைக்கு எங்கை போறியள் தம்பி? நாளைக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போட்டுப் போங்கோவன்.” ஒடியல் கூழ் வைக்கப் போவதாகவும் ஒரு தகவல் வந்தது.

பாஸ் இருந்ததால் நான் செய்தது ஒன்றே ஒன்று. செயலியில் வியாழனை எடுத்துவிட்டுச் சனிக்கிழமையைப் போட்டேன். பெர்லின் நண்பருக்கு ஒரு குறுஞ்செய்தி. செலவு சுழியம். கையில் மலிவு டிக்கெட் இருந்திருந்தால் கூழைக் குடிக்கும்போதே மனசு டிக்கெட் விலையைக் கழித்துக்கொண்டிருக்கும்.

தாமதமும் கணக்கில் வரும். ஜெர்மனியின் நெடுந்தொலைவு ரயில்களில் 2024இல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதுவும் ஆறு நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு. தனி டிக்கெட்டுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. போய்ச் சேர 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் ‘இந்த ரயில் மட்டும்’ என்ற கட்டு அவிழ்ந்துவிடும், வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கால் பங்கு கட்டணம் திரும்பும், இரண்டு மணி நேரமானால் பாதி. ஆனால் இரண்டு தடத்தைத் தனித்தனி டிக்கெட்டாக வாங்கி, முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் உங்கள் பாடு. மலிவு என்று துண்டு துண்டாக வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெர்லினுக்குத் தெற்கே கதை மறுபடி மாறுகிறது. டிரெஸ்டனைத் தாண்டி எல்பே ஆற்றோடு வளைந்து வளைந்து பிராக் போகும் தடம் இந்தச் சுற்றிலேயே அழகானது. ஜன்னல் ஓரமாக உட்காருங்கள், உணவுப் பெட்டி இருந்தால் அதில் உட்காருங்கள். ஆனால் பாஸின் ஒரு நாளை அங்கே செலவழிப்பது வீண். செக், போலந்து, ஹங்கேரி நாடுகளில் ரயில் கட்டணம் பொதுவாகவே குறைவு. பிராக்கிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம்தான். சில நாள் முன்னால் எடுத்தாலே ஒரு பாஸ் நாளின் விலையில் பாதிகூட ஆகாது. இந்த இரண்டு தடத்தையும் நான் பாஸில் போனது சோம்பேறித்தனம்.

வியன்னாவிலிருந்து சூரிச் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம், ஆர்ல்பெர்க் மலை வழியாக. சுவிட்சர்லாந்தில் பாஸ் தன் ஒரு நாள் விலையை ஒரே பயணத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். சூரிச்சிலிருந்து ஜெனீவாவுக்கு ஒரு வழி முழுக் கட்டணம் சுமார் 90 பிராங்க். நண்பர் சூரிச்சுக்கு வெளியே இருந்தால் அங்கே போகும் எஸ்-பான் புறநகர் ரயிலும் பாஸில் அடங்கும். யூங்ஃபிராவ்யோக் மாதிரி மலைச் சிகர ரயில்களுக்கு மட்டும் தள்ளுபடிதான் கிடைக்கும்.

வியன்னா, சூரிச் தடத்தில் இரவு ரயிலும் ஓடுகிறது. நள்ளிரவுக்கு முன் ஏறினால் மறுநாள் இறங்கினாலும் பாஸில் ஒரே நாள்தான் கழியும், படுக்கைக்குத் தனிக் கட்டணம். ஹோட்டல் காசு மிச்சம் என்பதற்காகத்தான் எல்லோரும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். நண்பர் வீட்டில் தங்குபவருக்கு அந்த மிச்சமே கிடையாது. போதாக்குறைக்கு, வாரநாள் காலையில் வந்து இறங்கினால் நண்பர் அலுவலகம் கிளம்பும் பரபரப்பில் இருப்பார், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு காபியோடு சோபாவில் உட்கார்ந்து மாலை வரை வீட்டுச் சாவியைக் காவல் காக்க வேண்டியதுதான். பகல் ரயிலில் வந்து மாலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுவதே மரியாதை.

பேருந்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஃப்ளிக்ஸ்பஸ் பல தடங்களில் ரயிலைவிடப் பாதி விலை, கடைசி நேரத்திலும் கட்டுப்படியாகும். இளம் முதுகு உள்ளவர்களுக்குச் சரி. மலிவு விமானத்தை இரண்டே விஷயம் தோற்கடிக்கும். ஒன்று, விமான நிலையம் இருக்கும் இடம். பாரிஸ் என்று போட்டு டிக்கெட் விற்கப்படும் போவே நிலையம் நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இரண்டாவது, ஊறுகாய். அம்மா கட்டிக் கொடுத்த ஆவக்காயும் தக்காளித் தொக்கும் விமானத்தின் கைப்பையில் திரவக் கணக்கில் வரும், பெட்டியைப் பதிவு செய்தால் டிக்கெட்டை விட அதிகக் காசு. ரயிலில் யாரும் பையைத் திறக்கச் சொல்வதில்லை.

பரிசுப் பொருள் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள்களும் இறைச்சியும் கொண்டு போகக் கூடாது. பால்கோவாவை மறந்துவிடுங்கள். கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். முறுக்கும் பருப்புப் பொடியும் போதும். மிச்சத்தைப் பாரிஸில் வாங்கலாம். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் லா ஷப்பேல் தமிழ்க் கடைகள், கொலோன் ரயிலும் அதே நிலையத்திலிருந்துதான் புறப்படுகிறது. ஹாம் வீட்டுக்குக் கறிவேப்பிலைக் கட்டோடு போனது அப்படித்தான்.

நண்பர்கள் எல்லோரும் ஜெர்மனிக்குள்ளேயே இருந்தால் இந்த வழக்கு முழுவதையும் தள்ளுபடி செய்துவிடலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்குங்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. வட்டார ரயில், மெட்ரோ, டிராம், நகரப் பேருந்து எல்லாம் ஒரு மாதத்துக்கு அடக்கம். ஐசிஇ போன்ற நெடுந்தொலைவு ரயில்களில் மட்டும் ஏற முடியாது. கொலோனிலிருந்து ஹாமுக்கு ஆர்இ 1 என்ற வட்டார ரயில் நேராகப் போகிறது, பிரச்சினை இல்லை. கொலோனிலிருந்து பெர்லினுக்கு இதில் போனால் ரயில் மாறி மாறி எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். சந்தா முறை என்பதால் அந்தந்த மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதக் காசும் போய்விடும். ஊருக்குத் திரும்பிய பிறகு வங்கிக் கணக்கைப் பார்த்து விழித்தவர்கள் உண்டு.

அடுத்த கோடையில் மிலான், பார்சலோனா, வலென்சியா. அங்கே பாஸ் வாங்கப் போவதில்லை. இத்தாலியில் 2012இலிருந்து இத்தாலோ, ஸ்பெயினில் 2021இலிருந்து விகோ, 2022இலிருந்து இர்யோ என்று போட்டி நிறுவனங்கள் வந்து அதிவேக ரயில் விலையை இறக்கிவிட்டன. இத்தாலோவிலும் விகோவிலும் பாஸ் செல்லாது, செல்லும் ரயில்களில் ரிசர்வேஷன் கேட்பார்கள். விசா வந்த அன்றே தனி டிக்கெட்டுகளை எடுத்துவிடுவேன். மிலான் நண்பனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், போட்ட தேதியில் கிளம்பிவிடுவேன், நாள் மாற்ற முடியாத டிக்கெட் என்று. “நீ முதல்ல வா, அப்புறம் பார்க்கலாம்” என்கிறான்.