சென்னையிலிருந்து தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையம்: பிள்ளைகளிடம் எந்த அட்டை கேட்கிறார்கள்?

இந்தியாவுக்குள் ஓடும் விமானத்தில் பிள்ளைகளுக்கு ஆதார் கட்டாயம் என்று வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களிடம் ஒரு பேச்சு பரவிக் கிடக்கிறது. இந்த முறை ஊருக்குக் கிளம்பும் முன்னால் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் டிக்கெட் போட்டுக் கொடுப்பவர் சொன்னார். ஒரு விமான நிறுவனத்தின் தொலைபேசி உதவியில் பேசியவரும் அதையே உறுதியாகச் சொன்னார். எங்கள் பிள்ளைகள் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையும் வைத்திருப்பவர்கள். ஓசிஐக்காரர்கள் ஆதார் எடுக்க வேண்டுமானால் அதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறைக்கு வந்து போகும் பிள்ளைக்கு இது நடக்கிற காரியமா? கிடைக்கவே கிடைக்காத அட்டையைக் கட்டாயம் என்று சொல்லிக் குடும்பங்களைப் பதற வைக்கிறார்களே என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

விதி என்ன சொல்கிறது என்றால், விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான பிசிஏஎஸ் 2017 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. விமான நிலையத்துக்குள் நுழைய எந்தெந்த அட்டை செல்லும் என்று அதில் பட்டியல் இருக்கிறது: கடவுச்சீட்டு, வாக்காளர் அட்டை, ஆதார் அல்லது எம்-ஆதார் (போன் செயலியில் உள்ள ஆதார்), பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், ஓய்வூதிய அட்டை என்று போகும். ஒன்றுமே கையில் இல்லாதவர் அரசு உயர் அதிகாரி ஒருவரிடம் அடையாளச் சான்று வாங்கி வந்தாலும் போதும். அதே சுற்றறிக்கையில்தான் இதுவும் இருக்கிறது: செல்லுபடியாகும் அடையாளம் வைத்திருக்கும் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வரும் குழந்தைக்கும் சிறாருக்கும் தனியாக அடையாள அட்டை வேண்டியதில்லை.

படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் விமான நிலையத்தில் உங்களிடம் கேள்வி கேட்பவர்கள் இரண்டு தரப்பு. வாசலில் நிற்கும் பாதுகாப்புப் படையினருக்கு, வருகிறவர் யார், டிக்கெட்டில் உள்ள பெயர் அவருடையதா என்று தெரிந்தால் போதும். உள்ளே கவுண்டரில் இருக்கும் விமான நிறுவனத்துக்காரர் கேட்பது வயதை. இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் உட்கார்ந்து குறைந்த கட்டணத்தில் வருகிறது, ஆகவே அதற்கு வயதுச் சான்று காட்டச் சொல்கிறார்கள். சான்று இல்லாவிட்டால் முழுக் கட்டணம் கேட்பார்கள். அட்டையே வேண்டாம் என்று ஒருவரும், கட்டாயம் கேட்டார்கள் என்று இன்னொருவரும் சத்தியம் செய்வதற்குக் காரணம் இதுதான். முதலாமவர் வாசலைச் சொல்கிறார், இரண்டாமவர் கவுண்டரைச் சொல்கிறார்.

நாங்கள் போனது நான், 14 வயது மகன், கைக்குழந்தையாகிய மகள், ஒன்பது வயது அக்கா மகன். அக்காவும் அத்தானும் பிறகு வருவதாக ஏற்பாடு. எங்கள் நாலு பேருக்கும் மூன்று கடைசிப் பெயர். என் கடவுச்சீட்டில் கடைசிப் பெயர் என் அப்பா பெயர். என் பிள்ளைகளுக்கு என் வீட்டுக்காரர் பெயர், அக்கா மகனுக்கு அத்தான் பெயர். நம் வழக்கப்படி இதில் ஒன்றும் விசேஷம் இல்லை. ஆனால் குடும்பம் என்றால் ஒரே கடைசிப் பெயர் இருக்கும் என்று பழகிய ஊரிலிருந்து வாசலில் காவலுக்கு வந்திருப்பவருக்கு இது கொஞ்சம் இடிக்கும். சென்னையில் பன்னாட்டு முனையத்திலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்கு வந்தபோது, வாசலில் நின்ற காவலர் நாலு கடவுச்சீட்டையும் வாங்கிப் பார்த்தார். அக்கா மகனைக் காட்டி, இவன் அம்மா அப்பா எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். தம்பி, இவங்க யாரு என்று அவனிடமும் கேட்டார், தமிழில். சித்தி என்றான். விட்டுவிட்டார். அவர் கேட்டது எனக்குப் பிடித்தது. பெற்றோர் இல்லாமல் வரும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை.

அக்காவிடம் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தேன்: மகன் இன்னாருடன் இந்தத் தேதியில் பயணம் செய்கிறான், எங்களுக்குச் சம்மதம், இது எங்கள் தொலைபேசி எண் என்று நாலு வரி. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அப்படி ஒன்றை வைத்திருங்கள். வழியில் பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவமனையில் காட்டவும் அது உதவும்.

கவுண்டரில் மகளின் கடவுச்சீட்டில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு உடனே அனுப்பிவிட்டார்கள். உள்ளூரில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழோ தடுப்பூசி அட்டையோ கூட ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அங்கே இருந்த பெண் சொன்னார். ஒன்றைக் கவனியுங்கள்: வயதைக் கணக்கிடுவது பயண நாளை வைத்து. மகளுக்கு ஊரில் இருக்கும்போதே இரண்டு வயது நிரம்பியது. போகும்போது மடியில் வந்தவள் திரும்பும்போது தனி இருக்கைக்கு உரியவள். போக, வர இரண்டுக்கும் சேர்த்துக் கைக்குழந்தை என்று பதிவு செய்திருந்தால் திரும்பும் நாளில் கவுண்டரில் சிக்கல்தான்.

வாகைகுளத்தில் இறங்கியதும் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். 2025 ஜூலையில் திறந்த தூத்துக்குடியின் புது முனையம் விசாலமாக, வெளிச்சமாக இருக்கிறது. பழைய சின்னக் கட்டடத்தைப் பார்த்தவர்களுக்கு அடையாளமே தெரியாது.

அக்கா சென்னையில் இறங்கும் நாளுக்கு அக்கா மகனை அங்கே கொண்டுபோய் விட எங்கள் ஆச்சியும் தாத்தாவும் கிளம்பினார்கள். கவனம் தேவைப்பட்டது பிள்ளையின் அட்டையில் இல்லை, பெரியவர்களின் அட்டையில். தாத்தாவின் வாக்காளர் அட்டையில் முன்னெழுத்து மட்டும், ஆதாரில் அவர் அப்பா பெயர் முழுசாக. ஆச்சி பெயருக்கு இரண்டிலும் இரண்டு எழுத்துக்கூட்டல். சிறாருக்கு அட்டை வேண்டாம் என்ற சலுகையே உடன் வரும் பெரியவரின் அடையாளம் செல்லும் என்பதை நம்பித்தான் நிற்கிறது. ஆகவே எந்த அட்டையைக் காட்டப் போகிறார்களோ அதை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துப்படியே டிக்கெட் போட வேண்டும். மூலத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், நகலோ போனில் எடுத்த படமோ வேண்டாம்.

மூன்று பேருக்கும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே டிக்கெட் பதிவு எண்ணில், போட்டேன். 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. ஆளாளுக்குத் தனியாகப் போட்ட டிக்கெட்டில் அந்த உரிமையைக் கேட்க முடியாது. வாசலிலும் ஒரே சீட்டில் மூன்று பெயரும் இருந்தால் யாருடன் வருகிறான் என்பதற்கு அதுவே பதில்.

மகன் பெங்களூரில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்குத் தனியாகப் போனான். 12 வயது ஆகிவிட்டால் விமான நிறுவனங்கள் பெரியவர் கணக்கில்தான் வைக்கின்றன, தனியாக வருபவருக்கு அட்டை கட்டாயம். அவன் சிட்னிப் பள்ளி அட்டையைக் காட்டலாமா என்று கேட்டான். பட்டியலில் இருப்பது அரசு நிறுவனம் வழங்கிய மாணவர் அட்டை. வெளிநாட்டுப் பள்ளி அட்டையை நம்பி அனுப்ப எனக்கு மனமில்லை, கடவுச்சீட்டையே கழுத்துப் பையில் போட்டு அனுப்பினேன். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான். இதைவிடச் சின்னப் பிள்ளை, அதாவது ஐந்திலிருந்து 12 வயதுக்குள் இருப்பவர் தனியாகப் போக வேண்டுமானால், துணையின்றி வரும் சிறார் என்று விமான நிறுவனத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கொண்டுவந்து விடுபவர், அழைத்துப் போக வருபவர் இருவர் பெயரையும் படிவத்தில் எழுதச் சொல்வார்கள். அந்தப் பெயர்காரர்தான் அட்டையோடு வர வேண்டும், கடைசி நேரத்தில் வேறு மாமாவை அனுப்பினால் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது.

ஓசிஐ அட்டை பற்றி இரண்டு வார்த்தை. அடையாளமாக அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள், பட்டியலில் பெயர் சொல்லி இருப்பது கடவுச்சீட்டுதான். ஆனால் அட்டையையும் கூடவே வையுங்கள். உள்நாட்டு விமானக் கட்டணத்தில் ஓசிஐக்காரர்களுக்கும் இந்தியக் குடிமக்களுக்கு உள்ள அதே கட்டணம் என்று 2021 மார்ச் அறிவிக்கை சொல்கிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்று யாராவது கூடுதலாகக் கேட்டால் அட்டையைக் காட்டலாம். முகத்தைக் காட்டி நுழையும் டிஜியாத்ரா வரிசை ஆதாரை வைத்து ஓடுவது. ஆகவே நம் பிள்ளைகளோடு போகிறவர்கள் சாதாரண வரிசைக்குத்தான் நேரம் வைத்துக் கிளம்ப வேண்டும்.